இடதுபக்கம்

நீடாமங்கலம் கேட்டில் நாற்பது நிமிஷம்.
பின்னால் நின்ற நெல் லாரிக்காரர்
இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார்:
"இடதுபக்கம் எரியலம்மா."

எத்தனை நாளாய்?
ரோட்டில் நெல் காய்ந்த இடத்திலெல்லாம் மிதித்திருக்கிறேன்.
பின்னால் வந்தவர்கள்
பாதி அனுமானத்தில் நின்றிருக்கிறார்கள்.

கூத்தாநல்லூர் வந்து டிக்கியைத் திறந்தேன்.
இரண்டு நட்டு. ஒன்று விரலுக்கே வந்தது,
மற்றதற்கு ஸ்பேனரும் கொஞ்சம் வசவும்.
விளக்குக் கூட்டுக்குள் ஒரு தட்டான், சருகாய்;
போன அறுவடைத் தூசி.

பழைய பல்பை அழுத்தித் திருகி எடுத்து
காதோரம் ஆட்டினேன்.
அறுந்த இழை சின்னதாய்க் கிணுங்கியது.

புதுசு நாற்பது ரூபாய்.
அதன் இரண்டு முளையும் ஒரே மட்டத்தில் இல்லை,
மாற்றி வைத்தால் உட்காராது.
மூன்றாம் தடவை உட்கார்ந்தது.

சரி, பிரேக்கை யார் மிதிப்பது?
ஜுல்பிகார் கடையில், போனை எடுக்கவில்லை.
பிள்ளைகள் டியூஷனில்.
தென்னை மட்டை ஒன்றை வெட்டி
பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே முட்டுக் கொடுத்துவிட்டு
பின்னால் ஓடினேன்.

மழையில் நனைந்த காம்பவுண்டுச் சுவரில்
இரண்டு சிவப்பு.

குறுக்கே போன எதிர்வீட்டுக் கோழி
ஒரு காலைத் தூக்கியபடி
அப்படியே நின்றது.