மங்கு

முதல் தடவை நான் வடித்தது
சூரை மணத்தது.

பிழை ஐஸில்.
கவிழ்த்த மூடியின் குழியில் வைக்கவென்று
ஏலக் கொட்டிலில் மிஞ்சிய கட்டியைச்
சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தேன்.
அது உருகி, விளிம்பால் வழிந்து
உள்ளே இறங்கிவிட்டது.

கிண்ணியாவில் கலியாணப் பெண்களுக்கு
மருதாணி போடுகிறவள் றிஸ்மினா.
போனில் விழுந்து விழுந்து சிரித்தாள்:
"இது மூஞ்சிக்குப் பூசவா,
ஆணத்துக்கு ஊத்தவா?"

அவள் குரற்பதிவை மறுபடி கேட்டேன்.
பன்னீர் ரோசா இரண்டு கைப்பிடி.
மருந்தடித்த பூ வேண்டாம்.
இதழ் மூழ்க மட்டும் தண்ணி.
சட்டிக்கு நடுவில் ஒரு கல்,
கல்லின்மேல் மங்குக் கோப்பை,
மூடி தலைகீழாய்.
கொதிக்க விடாதே,
வேர்க்க விடு.

வேர்க்க விடு என்கிறாள்.
பதினொரு வருசமாய் அதுதானே செய்கிறேன்
இறங்குதுறையில், கொப்பியும் பேனையுமாய்.
கச்சான் அடிக்கிற மாதங்களில்
வெயில் ஒருக்கா மேலிருந்து விழும்,
ஒருக்கா கடலிலிருந்து எழும்பும்.
இரண்டும் சந்தித்த இடம்
என் கன்னங்கள்.
இடப்பக்கம் ஒரு தீவு,
வலப்பக்கம் அதைவிடப் பெரிசு.
அதற்கும் மங்கு என்றுதான் பேர்.
கோப்பைக்கும் அதே பேர்.
யார் வைத்ததோ.

அடையாள அட்டைக்குப் படம் பிடித்த பெடியன்
என்னைக் கேளாமலே
கணினியில் அதைத் துடைத்துவிட்டான்.
"வடிவா வந்திருக்கு அக்கா."
அட்டையில் இருப்பவள்
எனக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி.
சோதனைச் சாவடிக் காலமென்றால்
அவளுக்கும் எனக்கும் நடுவில்
ஒரு மணித்தியாலம் நின்றிருப்பேன்,
பை திறந்து, செருப்புக் கழற்றி.

கடையில் ஒரு போத்தல்
மூவாயிரத்து நானூறு.
எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு
ரோசாச் செடிக்காரனிடம் போனேன்.

இரண்டாம் தடவை
எங்கள் பிறிட்ஜில் உறைந்த ஐஸ்,
பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டி வடிவில்.
பவளகேசன் கடலுக்குப் போயிருந்தான்.
குசினி லைட்டை அணைத்துவிட்டு
நெருப்பின் நீலத்தை மட்டும் வைத்துக்கொண்டேன்.
கண்ணாடி மூடிக்கு உள்ளே
முதலில் புகை,
பிறகு வியர்வை,
பிறகு பிடிக்குமிழின் நுனியில்
ஒரு துளி
விழவா வேண்டாமா என்று தொங்கியது.
நான் மூச்சை அடக்கினேன், ஏனென்று தெரியாது.
மங்கில் அது விழுந்த சத்தம்
பக்கத்து வீட்டு நாய்க்குக்கூடக் கேட்டிராது.

ஒரு மணித்தியாலத்துக்கு முக்கால் கோப்பை.

வெந்த இதழ்கள் பழஞ்சேலைத் துண்டுகள் போல.
வேலியோரம் கொட்டினேன்.
விடிய முன்னம்
கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான் ஒன்று வந்து
எல்லாவற்றையும் தின்றுவிட்டு
கேற்றடியில் நின்று என்னைப் பார்த்தது,
இன்னும் இருக்கா என்பது மாதிரி.
உடம்பு முழுக்கப் புள்ளி அதற்கு.

கடலால் வந்தவன் பிறிட்ஜைத் திறந்து
போத்தலோடு ஒரு மிடறு குடித்தான்.
"என்னப்பா, எந்தக் கோயில் தீர்த்தம்?"
நான் போத்தலில் திகதி எழுதி ஒட்டினேன்.
பத்து நாளுக்குமேல் வைக்கக்கூடாது.
குடிக்கவும் கூடாது என்று
சிவப்பில் எழுதினேன்.

மங்கு போகவில்லை.
றிஸ்மினாவிடம் சொன்னேன்.
"மங்கு போகும் எண்டு நான் எப்ப சொன்ன?
முகம் குளிரும் எண்டுதான் சொன்ன."

குளிர்கிறதுதான்.
விடிய நாலரைக்கு, தராசுக்குப் பக்கத்தில்,
பழைய மருந்துப் போத்தலில் கொஞ்சம்.
ஆட்கள் கத்தத் தொடங்குமுன்
கண்ணை மூடி இரண்டு தரம் விசிறுகிறேன்.
டீசல், உப்பு, செதில்
எல்லாவற்றுக்கும் நடுவில்
ஒரு கணம் ரோசா.
ஐஸ் உடைக்கிற நிரூசன்
கையை நிறுத்தி மூக்கை உயர்த்துவான்,
பிறகு உடைப்பான்.

இன்று நாடியால் ஒரு துளி சொட்டி
கொப்பியில் மை கலைந்தது,
அறக்குளா என்ற இடத்தில்.
அழிக்கவில்லை.
பக்கத்தில் மறுபடி எழுதினேன்:
முப்பத்தாறு கிலோ.