மீதியையும் தள்ளி வைக்கவா?

முதல் செயலி திறந்தவுடன் கேட்டது
உங்கள் கனவு என்ன என்று.
கீழே ஒரு கட்டம், எழுதுவதற்கு.
'ஒட்டுப்பால் விற்ற பாக்கி ஆயிரத்து நானூறு' என்று எழுதினேன்.
வாழ்த்துகள் என்றது.
பிறகு மணிக்கொருதரம் தண்ணீர் குடிக்கச் சொன்னது,
அருமனையில், இடவப்பாதியில்,
குடைக்குள்ளேயே நனைந்து நிற்கிறவளிடம்.

இரண்டாவது சிவப்பு எழுத்தில்தான் பேசும்.
விடிவதற்குள் தாமதம் நான்கு. மதியத்தில் ஒன்பது.
மழை கெடுத்ததை என் பேரில் எழுத
ஏற்கெனவே கோலப்பன் முதலாளி இருக்கிறார்.
இன்னொருவர் எதற்கு?

மூன்றாவதை இறக்க போனில் இடமில்லை.
ஜெனிஷாவின் முதல் திருவிருந்துக் காணொளி பதினாறு நிமிடம்,
அதில் பன்னிரண்டு நிமிடம் யாரோ ஒருவரின் முதுகு.
அழித்தேன்.
வந்தது கொள்ளாம், அழகான காலண்டர்.
தினமும், வாரந்தோறும், மாதந்தோறும்: எது வேண்டும்?
எனக்கு மூன்று தோட்டம்.
கோலப்பன் விளையில் இருநூற்று நாற்பது மரம்,
சானல்கரையில் நூற்றுத் தொண்ணூறு,
களியல் ரோட்டு ஏற்றத்தில் முந்நூறு சொச்சம்.
ஒன்றை வெட்டினால் இரண்டு நாள் விடணும்.
'மூன்று நாளுக்கொருமுறை' என்பதைத் தோண்டித் தோண்டி
ஐந்தாவது பக்கத்தில் பிடித்துவிட்டேன்.
சரி, மழை பெய்தால்?
அதற்குக் கட்டம் இல்லை.
'இந்த நிகழ்வு என்று முடியும்' என்று திரும்பத் திரும்பக் கேட்டது.
மரத்திடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

எந்த நேர மண்டலம் என்றும் கேட்டது.
ததேயுவுக்கு மஸ்கட்டில் பத்து என்றால்
எனக்குப் பதினொன்றரை.
வெள்ளிதோறும் அவன் கூப்பிடுகிற நேரம்.
மூன்று மணிக்கு ஹெட்லைட் கட்டி இறங்குகிறவள்
எந்த மண்டலம் என்று போடுவாள்?

ஷைலஜா சிரித்தாள்.
"எனக்கு ஓர்மை இருக்கு கேட்டியா, ஆப்பு எதுக்குட்டி?"
அவளுக்கு ஒரே தோட்டம், மாப்பிள்ளை வீட்டில்.
எனக்குக் குழுப் பணம் வியாழன் மூன்று மணி,
ஷீட் அடிக்க உருளை கிடைக்கிற நாள்,
ஆசிட் தீருகிற நாள்,
ஐந்து நாளைக்கொருமுறை வருகிற குழாய்த் தண்ணீர்,
பிள்ளைக்குப் பல்கம்பி முறுக்க மார்த்தாண்டம்.
போன மாதம் ஓர்மையை நம்பித்தான்
முந்தின நாள் வெட்டிய தோட்டத்திலேயே இறங்கினேன்.
முதல் மரத்தில் வெளிச்சம் பட்டது,
நேற்றைய காயம் உலராமல் இருந்தது.
கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பி ஏறினேன்.

நான்காவதை யார் செய்தார்களோ.
நடு நடுவே மனை விற்கும் விளம்பரம்.
எழுத்துப்பிழை வேறு, 'நாளை மறுனாள்' என்கிறது.
ஆனால் ஒரு வேலையை விரலால் பிடித்து
அடுத்த நாளில் கொண்டு போட்டால் கேட்கிறது:
மீதியையும் தள்ளி வைக்கவா?

போனைக் கொஞ்சம் எட்டப் பிடித்து
இன்னொருதரம் வாசித்துப் பார்த்தேன்.

நேற்றிரவு இரண்டே முக்காலுக்கு ஓட்டில் சத்தம்.
இந்த வருடம் மரத்துக்குப் பிளாஸ்டிக் கட்ட
முதலாளிக்கு மனசில்லை.
சிரட்டையில் பால் எங்கே, வெள்ளம்தான் நிறையும்.
படுத்தபடியே இழுத்துப் போட்டேன்.
ஆம் என்பதைத் தொட்டேன்.
களியல் ரோடு நாளைக்கு நகர்ந்தது,
கோலப்பன் விளை அதற்கு அடுத்த நாள்.
பல்கம்பியும் நகர்ந்தது.
குழாய்த் தண்ணீர்கூடக் கூச்சமில்லாமல் ஒரு நாள் தள்ளி நின்றது.
அதைப் பழைய இடத்துக்கு இழுத்தேன்.
குழுவையும் இழுத்தேன்,
அவர்கள் மழைக்கு அஞ்சுகிற ஆட்கள் இல்லை.

அப்புறம்தான் கண்ணில் பட்டது,
வெள்ளி பதினொன்றரை
சனிக்கிழமையில் போய் உட்கார்ந்திருந்தது.
போன வெள்ளி அவன் கூப்பிடவில்லை.
அதற்கு முந்தின வெள்ளியும்.
ஓவர்டைம் என்று குரல் அனுப்பியிருந்தான்,
ஒன்பது வினாடி, பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம்.
இழுத்து வைக்க விரல் போனது.
வேண்டாம், சனியிலேயே கிடக்கட்டும்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு
ஆறு மணி வரை உறங்கினேன்.