கூரையில் முளைத்தது

அளவுநாடாவைத் தரையில் ஓடவிட்டோம்
நானும் ஓல்கியெர்த்தும்.
கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே
நாற்பத்தொரு சென்டிமீட்டர்.
அடுப்புக்கும் கதவுக்கும் நடுவே
ஒரு துடைப்பம், அதுவும் சாய்ந்தபடி.
ஜன்னலோரம் காலிதான்.
ஆனால் தோபியாஷ் வந்தால்
பையனின் மடக்குக் கட்டில்
அங்கேதான் விரிய வேண்டும்.

"அப்போ மரம்?" என்றான்.
ஆறு வயது.
நாடா சட்டென்று
தன் டப்பாவுக்குள் போய்விட்டது.

மருந்துக்கடையில் என் பக்கத்து மேசை யட்விகா
பிளாஸ்டிக்கில் வாங்கச் சொன்னாள்,
குடைபோல மடியுமாம்.
குடை இருக்கிறது என்றேன்.
பச்சை விளக்குச் சரத்தைச்
சுவரில் முக்கோணமாக ஒட்டு என்றாள்.
ஒட்டினோம்.
போக்குவரத்துப் பலகைக்கு அடியில்
படுத்திருப்பதுபோல் ஒரு ராத்திரி கழிந்தது.

இருபத்திரண்டாம் தேதி, கிளெபாஷ் சந்தை.
வலைக்குள் கைகட்டி நின்றன மரங்கள்,
எல்லாமே மாளிகைக்குப் பிறந்தவை.
"எவ்வளவு உயரம்?"
"உயரம் இருக்கட்டும்,
அகலம் இல்லாமல் ஒன்று."
விற்பவர் சிரிக்கவில்லை.
கிராக்கூவில் எங்களைப்போல
எத்தனை பேரைப் பார்த்தாரோ.
வண்டிக்குப் பின்னே போய்
ஒரு தலையைத் தூக்கிவந்தார்:
ஏதோ வங்கிக்கு வந்த மரமாம்,
கூடத்தின் உயரத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டார்களாம்
காசு எண்ணுகிறவர்கள்.
அறுத்த பிறகு மிஞ்சிய நுனி.
பதினைந்து ஸ்லாட்டி.
"தரையில் இடமில்லையென்றால்
கூரையில் கட்டு. எங்கள் மலைப்பக்கம்
அப்படித்தான், தலைகீழாக."

டிராமில் என் மடியில் அது,
அதன் மடியில் பையன்.
எள் விழ இடமில்லாத பெட்டியில்
எங்களைச் சுற்றி மட்டும்
ஊசிக்குப் பயந்து ஒரு வட்டம்.
இந்த வருடத்தில் எனக்குக் கிடைத்த
மிகப் பெரிய இடம் அதுதான்.

கட்டிலுக்கு நேர்மேலே ஒரு கொக்கி,
முன்பு குடியிருந்தவர்
குத்துச்சண்டைப் பை தொங்கவிட்டது.
ஒருவர் குத்துவிட்ட இடத்தில்
நாங்கள் கயிறு கட்டினோம்.
தூங்குகிறவர்மேல் கண்ணாடிக் குண்டு விழலாகாது,
ஆகவே வால்நட் ஓடுகள், வைக்கோல் நட்சத்திரம்,
மாத்திரை தீர்ந்த வெள்ளித் தகட்டில்
ஓல்கியெர்த் வெட்டிய மீன்கள்
(தேவதைகள் என்கிறான்).
நுனியில், அதாவது அடியில்,
ஒரே ஒரு பித்தளை மணி.

இருபத்துநான்கு மதியம்
நார்வேயிலிருந்து லாரியும் தோபியாஷும்.
கதவில் குனிந்தான், விளக்குக்குக் குனிந்தான்,
எங்களைத் தூக்க நிமிர்ந்தான்.
டிங்.
"இதை யார் இங்கே நட்டது?"

இருவர் மேசையில் மூவர் உண்டோம்.
எதிர்பாராத விருந்தாளிக்கு வைக்கும் வெற்றுத்தட்டு
ஜன்னல் விளிம்பில் இருந்தது;
வந்தால் பனியிலிருந்துதான் வர வேண்டும்.
பிறகு பத்து நாள்
தண்ணீருக்கு எழுந்தால் டிங்,
சட்டை மாட்டினால் டிங்,
நடுராத்திரி டிங், அடங்கிய ஒரு கெட்ட வார்த்தை,
மடக்குக் கட்டிலில் ஒரு சிரிப்பு.
இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிறான் என்றேன்.
தலைமுடியில் ஊசியிலையோடு
என்னைப் பார்த்தான்.

மூன்றாம் தேதி விடிகாலை கிளம்பினான்.
மணி அடிக்காமல்
குனிந்தே ஷூவரைக்கும் நடந்தான்.
அதற்குள் பழகிவிட்டிருந்தது.

இப்போது நான் எம்பினாலும் எட்டாது.
ஹீட்டர் சூட்டில் மரம்
ஒருபக்கம் மெல்லத் திரும்பும்,
யோசித்து மறுபக்கம் திரும்பும்.
போர்வையெல்லாம் ஊசி.
கழற்றலாமா என்றால் பையன் காது கேளாதவன் ஆகிறான்.

நேற்று மாலை
மேல்வீட்டில் யாரோ கதவை அறைந்து சாத்தினார்கள்.
கூரை அதிர்ந்தது.
டிங்.
சூப்புக் கரண்டியோடு
இருவரும் நிமிர்ந்தோம்.