கடைக்குட்டி

ஓர்லா கோனாபட்டுக்கு வந்த முதல் டிசம்பர்.
தெருப்பக்கச் சன்னலில் மெழுகுவத்தியை நட்டுவிட்டு
ஏற்றாமல் நின்றாள்.
"எங்க ஊர்ல கடைக்குட்டிதான் ஏத்தணும்.
இருட்டுல யார் வந்தாலும் இங்கே இடமுண்டுன்னு."
"நான்தான்!" என்று ஓடிவந்தான் சேவுகன், மூக்கொழுக.
தீப்பெட்டியைத் தரவில்லை அவள்.

அன்றைக்கே பிள்ளையார் நோன்பும்.
இருபத்தொரு நூல், நெய், வெல்லமாவு.
எரிகிற இழையைத் தீயோடு விழுங்கவேண்டும்.
பயப்படுவாள் என்றிருந்தேன்;
விழுங்கிவிட்டு
மறுபடி கை நீட்டினாள்.

ஆளுக்கு ஒன்றுதான் என்று
சொல்ல வாயெடுத்த மாமா
அப்படியே நிறுத்தினார்.
வயிற்றுப் பிள்ளைக்கும் ஓர் இழை உண்டு எங்களில்.
யார் சொன்னார்கள் இவளுக்கு?

பொரி கொறிக்கிற சத்தத்தில்
தீக்குச்சி உரசியது கேட்கவில்லை.
சேவுகன்தான் அழுதுகொண்டு வந்தான்:
"கடைக்குட்டி நானில்லையாம்."