ஐம்பது நிமிடச் சலவை

கோப்பி இயந்திரக் கையேட்டில்
என் ஆளுக்கு முகம் கிடையாது.
தலை ஒரு வட்டம்.
கைக்கு நான்கு விரல்,
ஐந்தாவது தேவையில்லை என்றார்கள்.
படம் ஒன்று: மூடியைத் திற.
படம் இரண்டு: தண்ணீரை ஊற்று.
முப்பத்தொரு மொழிக்கும் அவன் ஒருவன்தான்,
எந்த மொழிக்கும் வாய் இல்லாதவன்.

நான்கு வருடம் அவன்தான் வாடகை கட்டினான்,
விண்டர்தூரில், தண்டவாளங்களுக்குப் பின்னால்,
நிலவறையில் சலவை அறையும்
அதன் கதவில் அட்டவணையும் உள்ள கட்டடத்தில்.
வியாழன் எனக்கு.
வெள்ளி மூன்றாம் மாடி ஊர்சினா காஃப்லிஷுக்கு.

நாங்கள் முதலில் கதைத்ததே சண்டையில்.
வடிகட்டியில் என் பஞ்சை விட்டுவிட்டேனாம்.
இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள்,
செத்த எலிக்குஞ்சு மாதிரி.
நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும்.
கன்னங்களைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.
இடது கன்னம் வலதைவிடக் கறுத்திருந்தது.
"பஸ் ஓட்டுகிறேன்," என்றாள், "பதினேழு வருடம்.
யன்னல் அந்தப் பக்கம்."

உங்களை வரையலாமா என்றேன்.
அவள் மெசினைப் பார்த்தாள்.
அறுபது பாகை, ஐம்பது நிமிடம்.
"அது நிற்கும்வரை."

முதல் வெள்ளி கோடு போட்டேன்.
எனக்குத் தெரிந்தது அதுதான்,
நாடி, மூக்கு, தோள், எல்லாம் ஒரே தடிப்பில்.
அவள் வீட்டிலும் அந்த இயந்திரம்தானாம். எட்டிப் பார்த்து
"எனக்குத் தண்ணீர் எங்கே ஊற்றுவது?" என்று கேட்டாள்.

கோட்டை விடுவதற்கு ஐந்து வாரம் போனது.
உடம்பில் கோடு இல்லை.
ஒரு நிறம் தளர்கிற இடத்தில்
இன்னொன்று கேட்காமல் வந்து குந்திவிடுகிறது.
அடியில் பச்சை மண், அதன்மேல் காவி,
வலது தாடைக்குக் குழல்விளக்கின் நீலம் கொஞ்சம்.
இடது கன்னத்துக்குக் கலந்ததைச் சரிபார்க்க
என் மணிக்கட்டில் ஒரு பொட்டு வைத்தேன்.
பொட்டைக் காணவில்லை.

கைதான் வரவே இல்லை.
கட்டைவிரலை மூன்று தரம் சுரண்டி எடுத்தேன்.
நான்கு வருடம் கொடுக்காத விரல்
வட்டியோடு கேட்டது.

துணி பிழியத் தொடங்கினால் அறையே நடுங்கும்,
தூரிகையும்.
அந்த நடுக்கத்தில்தான் அவள் நித்திரையாவாள்,
கண் திறந்தபடி. அதிகாலைப் பேருந்து ஓட்டுகிறவர்களுக்கு
அது வருமாம்.
வலது தோள் முதலில் இறங்கும்.
அதை மட்டும் ஒரே மூச்சில் போட்டேன்,
பிறகு தொடவில்லை.

பதினோராம் வெள்ளி
ஈரத்துணிக் கூடையை இடுப்பில் வைத்தபடி
படத்தின் முன்னால் நின்றாள்.
"வடிவாய் இல்லை."
கொஞ்ச நேரம் கழித்து,
"எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்?"
"உங்கள் சீருடையை. சுற்றுகிறது."
கருவிழிக்குள் வெள்ளையாய்ச் சின்ன வளையம்,
அரிசியளவுகூட இல்லை.
அதைக் கண்டுபிடித்ததும் கூடையைக் கீழே வைத்தாள்.

திங்கட்கிழமை மேலாளர்
ஏழாம் படத்தைச் சிவப்பால் வட்டமிட்டு அனுப்பியிருந்தார்.
கழிவுத் தட்டை வெளியே எடு.
"இவன் ஏன் களைத்திருக்கிறான்?"
பார்த்தேன். வலது தோள்.
நான் வேண்டுமென்று செய்யவில்லை.

தோளை அப்படியே விட்டு
ஐந்தாவது விரலையும் சேர்த்து அனுப்பினேன்.
முகம் என்றால் கூலி வேறு என்று
ஒரு வரி எழுதலாமா என்று யோசிக்கிறேன்.