சனி ராத்திரி மாத்திரை

"காலையில் விரைப்பு எத்தனை நிமிஷம் இருக்கு?"
கடிகாரம் பார்த்ததில்லை டாக்டர்.
விண்ணமங்கலம் தாண்டி முதல் ரயில் கூவும்போது
விரல் மடங்காது.
ஷூ கம்பெனி வேன் ஹாரன் அடிக்கும்போதுதான்
லேசாக விட்டுக்கொடுக்கும்.

எப்சிபா டாக்டர் சிரிக்கவில்லை.
'ரயிலிலிருந்து வேன் வரை'
அப்படியே எழுதிக்கொண்டார்.

வாரம் ஒரு மாத்திரை, மறுநாள் குமட்டும்.
"எந்தக் கிழமை உங்களுக்குத் தோது?"
ஆறு வருஷத்தில்
இப்படி யாரும் கேட்டதில்லை.
சனி ராத்திரி என்றேன்.
ஞாயிறு குமட்டினால் கூலி போகாது.

"வேறென்ன வேணும்?"
வலி போகணும் என்று சொல்ல வந்தவள்
ஜாக்கெட் கொக்கி என்றேன்.
மகன்தான் மாட்டிவிடுகிறான்,
கண்ணை இறுக மூடிக்கொண்டு.

நாலாம் மாசம்
பால்காரர் மணிக்கே
மேல் கொக்கி மாட்டியது.
அவன் தூங்கட்டும்.
மீதி மூன்றுக்கு
வேன் வரும்வரை நேரமிருக்கிறது.