பாலத்தில் நிற்கும் நேரம்

மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனையில்
எக்ஸ்ரே அறைக்குப் பின்னால்
எனக்கு ஒரு மேசை, இரண்டு நாற்காலி,
யாரையோ கூப்பிடுவதுபோல் கத்தும் மின்விசிறி.

இராசாங்கம் உட்காரவில்லை.
செங்கமலம் சட்டையைப் பிடித்து இழுத்துவந்து
விட்டுவிட்டு வாசலில் நின்றாள்.
"ஊரு பேரே குடிகாடு, நான் என்னம்மா பண்றது?"
நூறு பேரிடம் சொல்லித் தேய்ந்த சிரிப்பு.
நானும் சிரித்தேன். நன்றாகத்தானே இருந்தது.

படிவத்தில் ஒரு கட்டம்: காரணம்.
பதினொரு வருடமாக அதில்
நண்பர்கள், கடன், உடல்வலி
என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.
எழுதி முடித்ததும் ஆள் எழுந்து போய்விடுகிறார்,
காரணம் மட்டும் என்னிடம் தங்கிவிடுகிறது.

அன்று பேனாவை மூடினேன்.
"குடிச்சா உங்களுக்கு என்ன கிடைக்குது?"
குத்தலாக இல்லை. தெரியாமல்தான் கேட்டேன்.

வெகுநேரம் தன் கையையே பார்த்தார்.
பிறகு நீட்டினார்,
மோந்து பார்க்கச் சொல்வதுபோல.

சிப்காட்டில் வால்வு திறக்கும் வேலை,
ஒப்பந்தக் கூலி, இரவு ஷிப்ட்.
எந்த சோப்புக்கும் போகாத ஒரு வாடை,
அழுகிய பழத்தில் பெயிண்ட் ஊற்றின மாதிரி.
மடியிலிருந்த மகள் ஒருநாள்
"அப்பா, கெமிக்கல்" என்று இறங்கிப் போனாள்.
குடித்தால் அவருக்கு அது தெரியாது.
குடித்த வாடைக்கோ
அவள் அந்த அறைக்கே வருவதில்லை.
"ரெண்டு வாடைக்கு நடுவுல நிக்கிறேம்மா."

கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை நான்.

கோயிலில் மூன்று முறை கயிறு கட்டியவர்.
முள்ளோடைக் கடை வாசலில்
கயிற்றைக் கழற்றி வண்டிக் கைப்பிடியில் மாட்டிவிட்டு
உள்ளே போவாராம்.
வெளியே வந்ததும் மறுபடி மணிக்கட்டில்.
"சாமிக்குத் தெரியக்கூடாதுன்னா?"
"இல்லம்மா, சாமிய எதுக்கு
அந்த நாத்தத்துக்குள்ள கூட்டிட்டுப் போவணும்?"

சத்தியம் கேட்கவில்லை.
உடைக்க அவரிடம் ஏற்கெனவே நிறைய இருந்தது.
மாத்திரை எப்போது, தூக்கம் எப்படி,
கை நடுங்கினால் யாரைக் கூப்பிடுவது
என்று பேசினோம்.
செங்கமலத்தோடு தனியாக ஒரு மணி நேரம்.
அவரைத் திட்ட வேண்டியதையெல்லாம்
என்னைத் திட்டித் தீர்த்தாள்,
முந்தானையால் முகம் துடைத்து
"கோவிச்சுக்காதீங்க" என்றாள்.

நாற்பத்தொன்றாம் நாள் குடித்துவிட்டார்.
சம்பள நாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் தலைகுளித்து ஈரம் சொட்ட வந்து
நோட்டை என் பக்கம் நகர்த்தினார்:
"பூஜ்யம் போடுங்கம்மா."
நாற்பது என்று எழுதி, கமா வைத்து,
அன்றைய தேதியைப் போட்டேன்.
"இது என்ன, முற்றுப்புள்ளியா?"
"இல்லீங்க, வாலு இருக்கு பாருங்க."

எல்லோரும் திரும்பி வருவதில்லை.
மாசியில் வந்த ஒரு லாரி கிளீனர் பையனின் பெயர்
இன்னும் என் பதிவேட்டில் இருக்கிறது.
இருபத்திரண்டு வயது.
அவனிடம் நான் காரணம் கேட்டிருந்தேன்.

நேற்று இரவு ஒன்பதே கால்.
அடுப்பில் குழம்பு.
"பெண்ணையாத்துப் பாலத்துல நிக்கிறேம்மா."
அப்புறம் பேச்சில்லை.
ஆல்பேட்டை தாண்டிப் புதுச்சேரிப் பேருந்து
ஹாரன் அடித்துப் போவது கேட்டது.
போகாதீங்க என்ற சொல்
என் வாய்க்குள்ளேயே கிடந்தது.

"சாப்ட்டீங்களா?"
"இல்ல."
"ஆத்துல தண்ணி வருதா?"
எட்டிப் பார்த்திருப்பார் போல.
"கொஞ்சம் கெடக்கு. நெலாவும் கெடக்கு."
பதினேழு நிமிடம்.
பாதிக்கு மேல் காற்றுதான் பேசியது.

வண்டியை உதைக்கும் சத்தம்.
எந்தப் பக்கம் திருப்பினார் என்று
சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது.

அடிப்பிடித்த குழம்பைச் சுரண்டிக் கொட்டினேன்.
வியாழக்கிழமை அவர் முறை.
இன்று செவ்வாய்.